முருங்கப்பாக்கத்து மாடியில் பாக்டீரியா கணக்கு வகுப்பு

கடலூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். பாக்டீரியா வளர்ச்சி வரைபடத்தைப் போர்டில் போட்டு நான்கு கட்டங்களின் பெயரைச் சொன்னால் எங்கள் பாடம் முடிந்துவிடும். அந்தக் கோடு ஏன் அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று மாணவிகள் கேட்டால் பாடப்புத்தகம் கைகொடுக்காது. அதற்காகத்தான் புதுச்சேரி முருங்கப்பாக்கத்தில் சனி, ஞாயிறு நடக்கும், பாக்டீரியா வளர்ச்சியைக் கணக்கால் விளக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் காலையில் லேப்டாப்பைத் திறக்கவே விடவில்லை. ஆளுக்கொரு செமி-லாக் கிராஃப் தாள் (ஒரு அச்சு மட்டும் மடக்கை அளவில் இருப்பது), ஸ்கேல், பென்சில். இ.கோலை பாக்டீரியா பெருகப் பெருகத் திரவம் எவ்வளவு கலங்குகிறது என்ற அளவுகளைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்து, இரட்டிப்பு நேரத்தை நாங்களே கண்டுபிடித்தோம். 20 நிமிடம் என்றால் வளர்ச்சி விகிதம் மணிக்கு சுமார் 2.08. உணவின் அளவையும் வளர்ச்சி வேகத்தையும் இணைக்கும் மோனோவின் 1949 சமன்பாடு சீக்கிரமே முடிந்தது, சரி, அது போதும்.

மத்தியானம்தான் வகுப்பின் உயிர். 1958-இல் கோபன்ஹேகனில் சால்மோனெல்லா பாக்டீரியாவை வைத்துச் செய்த ஆய்விலிருந்து ஆரம்பித்தார்கள்: ஊடகம் (பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசல்) எதுவானாலும், வேகமாக வளரும் செல்லில் ஆர்.என்.ஏ. அதிகம். அப்புறம், செல்லில் புரதம் தயாரிக்கும், ஆர்.என்.ஏ. நிறைந்த எந்திரமான ரைபோசோம் பற்றி 2010-இல் வந்த ஆய்வு. செல்லின் மொத்தப் புரதம் ஒரு மெஸ்ஸின் ஆள்பலம் மாதிரி என்றார் ஆசிரியர். சாமான் வீடு தேடி வந்தால் வாங்கப் போகும் ஆட்களைக் குறைத்து அடுப்படிக்கு அனுப்பலாம். அந்த அடுப்படிதான் ரைபோசோம்; நல்ல ஊடகத்தில் அதன் பங்கு கூடுவது அதனால்தான். ரைபோசோமின் வேலையைத் தடுக்கும் குளோராம்பெனிக்கால் என்ற மருந்தைச் சேர்த்தால் வளர்ச்சி குறைகிறது, ஆனால் ரைபோசோம் பங்கு ஏறுகிறது! இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் எதிரெதிர்ச் சரிவில் வரைந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. இத்தனை ஆண்டுகள் இதைச் சொல்லித் தராமல் விட்டோமே என்று ஆதங்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தரம் இல்லை. பைத்தான் என்ற கணினி மொழியில் என்னென்ன நிறுவ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவில்லை, பாதி நேரம் வைஃபைக்குக் காத்திருந்தே போனது. செல்லுக்குள் வேதிவினைகள் எந்த வேகத்தில் ஓடும் என்று கணிக்கும் ஃபிளக்ஸ் பேலன்ஸ் பகுதியைக் கடைசி அரை மணியில் ஓட்டினார்கள். அதற்கு அடிப்படையான நேரியல் நிரலாக்கம் (லீனியர் புரோகிராமிங் கணக்கு) தெரியாதவர்களுக்கு அதில் ஒன்றும் ஒட்டாது. அதைத் தனி வகுப்பாக வைத்தால் முதல் ஆளாகச் சேருவேன்.

எம்.எஸ்சி. மாணவர்களும் ஆசிரியர்களும் தாராளமாகப் போகலாம். பிளஸ் டூ கணக்கு நினைவிருந்தால் முதல் நாளுக்குப் போதும். கடலூரிலிருந்து வருபவர்கள் புது பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டாம், வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். மாடி மத்தியானம் சூடாக இருக்கும், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்.