ஹியூகோ தளத்தைத் தானாக ஏற்ற: கிட்ஹப் பேஜஸா, கிளவுட்ஃபிளேர் பேஜஸா?

எழுத்துக் கோப்புகளை இணையதளமாக மாற்றித் தரும் கருவி ஹியூகோ. அந்தத் தளத்தை இலவசமாக வைக்க இடம் தருபவை கிட்ஹப் பேஜஸும் கிளவுட்ஃபிளேர் பேஜஸும். கட்டுரையை எழுதி கிட்டில் புஷ் செய்தால் (கோப்பு மாற்றங்களை அனுப்பினால்) மீதி தானாக நடக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த வேலையை டிராவிஸ் சிஐ என்ற வெளிச் சேவை பார்த்தது. 2019 கடைசியில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தன் சொந்தத் தானியங்கி வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு அந்தச் சுற்றுவழி எதற்கு என்றாகிவிட்டது.

ஆரம்பிப்பதற்கு கிளவுட்ஃபிளேர்தான் சுலபம். ரெப்போவை (தளத்தின் கோப்புகள் இருக்கும் கிட் சேமிப்பகம்) இணைத்து, பட்டியலில் ஹியூகோவைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஹியூகோ பதிப்பை மட்டும் என்விரான்மென்ட் வேரியபிளில் (அமைப்புப் பக்கத்தில் நிரப்பும் மதிப்பு) நாமே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் வைத்திருக்கும் பதிப்பில் உங்கள் தீம் படுத்துக்கொள்ளலாம். கிட்ஹப்பில் படிகளை வரிசையாகச் சொல்லும் யாமில் கோப்பு எழுதும் வேலை உண்டு. ஆனால் எந்தப் படியில் என்ன நடக்கிறது என்பது நம் கையிலேயே இருக்கும்.

இலவசக் கணக்கில் கிட்ஹப் பேஜஸுக்கு ரெப்போ பொதுவில் இருந்தாக வேண்டும். தளம் 1 ஜிபிக்குள், போக்குவரத்து மாதம் சுமார் 100 ஜிபிக்குள். கிளவுட்ஃபிளேரில் பிரைவேட் ரெப்போவும் சரி, போக்குவரத்துக்கும் கணக்கில்லை. மாதம் 500 பில்ட் (தளத்தை உருவாக்கும் ஓட்டம்), ஒரு கோப்பு 25 எம்பிக்குள், இவைதான் முக்கிய வரம்புகள்.

இரண்டு பேர் சேர்ந்து எழுதும் தளம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளவுட்ஃபிளேர். ஒவ்வொரு கிளைக்கும் (தனியாக மாற்றிப் பார்க்கும் நகல்) தனி முன்னோட்ட முகவரி கிடைக்கும். நண்பர் ஃபோனிலேயே பார்த்து, 'தலைப்பு உடையுது' என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் ஒரு விஷயம், இரண்டிலுமே கடிக்கும். ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் புஷ் செய்தேன். பச்சை டிக் விழுந்தது, கட்டுரையைக் காணோம். தேதியை 08:00 என்று கையால் எழுதி, பின்னால் +05:30 போடாமல் விட்டிருந்தேன். ஹியூகோ அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டது. அதாவது நம் மதியம் 1.30. எதிர்காலக் கட்டுரை என்று ஒதுக்கிவிட்டது!

வேண்டுமென்றே தேதியைத் தள்ளிப்போட்டு எழுதுபவர்களுக்கு கிட்ஹப்தான் வசதி: தேதி வந்த பிறகு மறுபடி பில்ட் ஓடினால்தான் கட்டுரை வெளியாகும், தினமும் அது ஓட கிரான் வரி (நேர அட்டவணை) ஒன்று போதும். முழு மணிக்கு வைத்தால் நெரிசலில் தாமதமாகும் என்று நான் காலை 5.47க்கு வைத்திருக்கிறேன். கிளவுட்ஃபிளேர் பேஜஸில் இதற்கு டிப்ளாய் ஹூக் முகவரியை (அழைத்தால் பில்ட் தொடங்கும் இணைய முகவரி) வெளியிலிருந்து யாராவது தட்ட வேண்டும். ஆனால் பொது ரெப்போவில் 60 நாள் எதுவும் அசையாவிட்டால் கிட்ஹப் அந்தக் கிரானை நிறுத்திவிடும். சோம்பேறி எழுத்தாளர்கள் கவனிக்க.