மாமாவின் அக்கார்டியன்: மட்டன் தெருவா, வாசிக்கிறவரா?

மும்பை மாட்டுங்கா வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறங்கியது மாமாவின் ஹோனர் கம்பெனி அக்கார்டியன், துருத்தியை இழுத்துத் தள்ளி வாசிக்கும் வாத்தியம், வலது பக்கம் 41 கட்டை, இடது பக்கம் 120 பொத்தான். இரண்டு வழி இருந்தது: பழைய சாமான் விற்கும் சோர் பஜார் மட்டன் தெருவில் இருக்கிற நிலையிலேயே தள்ளிவிடுவது, அல்லது வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிப் பழுதைத் தெரிந்துகொண்டு அப்படிப்பட்ட ஒருவருக்கே விற்பது.

முதல் வழியில் காசு அன்றைக்கே கையில். ஆனால் நான் போன கடைக்காரர் துருத்தியை இழுத்துக்கூடப் பார்க்கவில்லை, முத்துப்போல மின்னும் மேலுறையைத் தடவிவிட்டு ஒரு விலை சொன்னார், ஷோகேஸ் பொம்மைக்கான விலை.

வாசிக்கிறவரோ எதையும் அழுத்தாமல் துருத்தி வாரைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார். துருத்தி மெதுவாக இறங்கினால் நல்லது, பொத்தென்று விழுந்தால் காற்று கசிகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டையையும் இழுக்கும்போது ஒரு தடவை, தள்ளும்போது ஒரு தடவை கேட்டார், ஏனென்றால் இரண்டு திசைக்கும் வேறு வேறு ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாக்கு. எஃகு ரீடு மும்பை மழைக்கால ஈரத்தில் துருப்பிடிக்கும், அதைப் பிடித்திருக்கும் தேன்மெழுகு வருஷம் ஆக ஆக வெடித்து உதிரும். எங்களுடையதில் நான்கு கட்டை ஊமை.

இதற்கு நாள் பிடிக்கும், சரி. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். மெழுகு மொத்தமும் போயிருந்தால் மட்டும் பழுதுச் செலவே விலையைத் தின்றுவிடும், அப்போது மட்டன் தெருவே மேல். யாரிடம் கொடுப்பதானாலும் ஈரத்துணியால் துடைத்து வைக்காதீர்கள், எங்கள் அத்தை செய்த மாதிரி.