கைக்கு நிஜம், காலுக்குப் பொய்: அசெட்டோ கோர்ஸாவும் ஒரு பிரேக் பெடலும்

வீட்டுக் கணினியில் கார்ப் பந்தய விளையாட்டு ஓட்ட வைத்திருக்கும் ஸ்டீயரிங்-பெடல் செட்டின் பிரேக் பெடலைச் சரிசெய்து வாங்கி வந்தாயிற்று. மிதிக்காமலேயே திரையில் பிரேக் கோடு துடிப்பதும், நேர்ச்சாலையில் கார் காரணமில்லாமல் வேகம் இழப்பதும் நின்றுவிட்டன. மிதிக்கும் தூரத்தை அளக்க உள்ளே இருந்த பொட்டன்ஷியோமீட்டரின் கார்பன் தடம் தேய்ந்துபோயிருந்தது. பழுதுபார்த்தவர் அதைக் கழற்றிவிட்டு, காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். உரசல் இல்லை, இனித் தேயாது என்றார். நல்ல வேலை. ஆனால் என் கோபம் தேய்மானத்தின் மீது இருந்ததே இல்லை.

செட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த விலையில் எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கின்றன. இதை எழுத வைத்தது அலுவலக நண்பர் ஒருவரின் கேள்வி: "அந்த அசெட்டோ கோர்ஸா கேமில் ஓட்டுவது நிஜக் கார் போலவே இருக்குமா? இருக்கும் என்றால் நானும் ஒரு செட் வாங்கிவிடுகிறேன்." கைக்கு ஆம், காலுக்கு இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். விளக்கம் இங்கே.

முதலில் கை. அசெட்டோ கோர்ஸா 2014 டிசம்பரில் முழுமையாக வெளிவந்த விளையாட்டு. இத்தாலியின் வல்லேலுங்கா பந்தயத்தடத்தின் வளாகத்திலேயே அலுவலகம் வைத்திருந்த குனோஸ் சிமுலாசியோனி என்ற சிறிய குழு செய்தது. கணினி விளையாட்டுகளின் கணக்கில் இது கிழவன். ஆனாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் இதை விடுவதில்லை. காரணம் படத்தின் அழகு அல்ல, டயர்.

உண்மையான காரில் வளைவின்போது ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது? டயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு விசை சரியாக நடுவில் விழுவதில்லை, சற்றுப் பின்னால் தள்ளி விழுகிறது. அந்தச் சிறு தூரம்தான் நெம்புகோலாகி, சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. திருப்பத் திருப்பக் கனம் ஏறும். ஆனால் பிடிமானம் உச்சத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே, டயரின் பின்பகுதி வழுக்கத் தொடங்கி அந்தத் தூரம் சுருங்கிவிடும். அதாவது டயர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் இளகத் தொடங்குகிறது. எல்லை நெருங்குகிறது என்று காரே முன்கூட்டிச் சொல்லும் செய்தி அது.

இந்த விளையாட்டில் அந்தச் செய்தி வருகிறது. ஒரு நொடிக்கு 333 முறை கணக்கிட்டு, முன்சக்கரங்களின் விசைகளையே விரலுக்கு அனுப்புகிறார்கள். இத்தாலியின் மோன்சா பந்தயத்தடத்தில், பாரபோலிகா வளைவில் பழைய இ30 பிஎம்டபிள்யூ எம்3 காரை ஓட்டிப் பாருங்கள். நுழையும்போது கனம் ஏறும். கொஞ்சம் பேராசைப்பட்டு இன்னும் திருப்பினால் கனம் வடியும். அங்கேயே கையை ஒரு விரற்கடை தளர்த்தினால் மூக்கு மறுபடி உள்ளே வரும். தளர்த்தாமல் மேலும் திருப்பினால் கார் வெளிப்புறம் நோக்கித் தன் பாட்டுக்குப் போகும். டயர் கதறும் சத்தம் கேட்டுத் திருத்துகிறவன் தாமதமாகிவிட்டான்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தளத்தின் பழைய தடமான நார்ட்ஷ்லைஃபவில் இது இன்னும் சுவையானது. 20.8 கிலோமீட்டர், லேசரால் அளந்து வரைந்த தடம். ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டின் உச்சியில் முன்சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறையும், ஸ்டீயரிங் காற்றைப் பிடித்தது போலாகும். ஃபுக்ஸ்ரோரே இறக்கத்தின் அடிப்பள்ளத்தில் காரின் எடையெல்லாம் டயரில் இறங்க, அதே ஸ்டீயரிங் மணிக்கட்டை முறுக்கும். பாதையின் ஏற்ற இறக்கத்தைக் கண் பார்த்துச் சொல்வதற்கு முன் கை சொல்லிவிடுகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பள்ளத்துக்காகவே முழுச் சுற்றையும் ஓட்டுகிறேன்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அமைப்புகளில் விசையின் அளவை அதிகமாக வைத்தால், ஸ்டீயரிங்கை முறுக்கும் மோட்டார் தன் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் வரும் வேறுபாடு எதுவும் கைக்கு வராது. திரையில் பெடல்களைக் காட்டும் சிறு பட்டையில் விசைக்கும் ஒரு கோடு உண்டு, முட்டினால் சிவக்கும். "ஸ்டீயரிங் கனமாக இருந்தால்தான் நிஜம்" என்று அளவை ஏற்றி வைத்துக்கொள்பவர்கள், இளகும் அந்தக் கணத்தைத் தாங்களே அழித்துக்கொள்கிறார்கள்.

இனி கால். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

உண்மையான பிரேக் ஹைட்ராலிக். பிரேக் பட்டை சக்கரத்தோடு சுழலும் தட்டைத் தொட்ட பிறகு பெடல் அதிகம் நகராது, அழுத்தம்தான் கூடும். எவ்வளவு தூரம் மிதித்தோம் என்று நாம் யோசிப்பதில்லை, எவ்வளவு பலமாக என்பதைத்தான் கால் நினைவில் வைத்துக்கொள்கிறது. என் பெடலோ ஸ்பிரிங்கை அமுக்கித் தூரத்தை மட்டும் அளக்கிறது. புது ஹால் சென்சாரும் அதே தூரத்தைத்தான் அளக்கிறது, துல்லியமாக. காய்கறியை எடைபோடாமல் கூறுகட்டி விற்கிற கடையில் கூறுகளை அழகாக அடுக்கி வைத்ததைப் போல.

இது வெறும் சொகுசுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அதே எம்3 காரில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு மோன்சாவின் முதல் திருப்பத்துக்கு வரட்டும். 200 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் தொட்டதும் பாரம் முன்னே சாய ஒரு கணம் ஆகும். அது சாய்வதற்குள் முழுதாக மிதித்தால் முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குத் திசை தெரியாது, ஸ்டீயரிங்கை எங்கே திருப்பினாலும் நேரே போகும். பாரம் சாய்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டி, திருப்பத் தொடங்கும்போது நூல் பிரிப்பது போல் மெல்ல விட வேண்டும். சட்டென்று விட்டால் முன்பாரம் போய்விடும், மூக்கு திரும்ப மறுக்கும். தேவைக்கு மேல் பிடித்துக்கொண்டே திருப்பினால் பின்பக்கம் லேசாகிச் சுழலும். காரை வளைவுக்குள் கொண்டுவருவதில் பாதி வேலை இந்த விடுதலில்தான் இருக்கிறது. டயரின் கணக்கு அத்தனை நுட்பமாக இருந்தும், அதை இயக்கும் கருவி ஒரு பிளாஸ்டிக் நெம்புகோலும் ஸ்பிரிங்கும்தான்.

டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டிப் பெடலுக்குப் பின்னால் வைக்கும் வைத்தியம் தெரியும். வைத்திருக்கிறேன். கடைசி அங்குலம் கெட்டிப்படும், அவ்வளவுதான். பந்து தளர்ந்ததும் மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும். அமைப்புகளில் பிரேக் காமா என்ற எண்ணை மாற்றி, மிதிக்கும் தூரத்துக்கு எவ்வளவு பிரேக் என்ற வளைகோட்டைச் சாய்க்கலாம். அதுவும் தூரத்தை வேறு விதமாகப் படிப்பதுதான். எடையை அளக்கும் லோடு செல் பெடல் வாங்கினால் தீரும். நல்லது ஒன்றின் விலை என் பழைய செட் மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

விளையாட்டின் மீதும் குறைகள் உண்டு. மழை கிடையாது. இரவும் மழையும் வேண்டுமென்றால் ரசிகர்கள் செய்த கூடுதல் நிரலைப் போட்டுக்கொள்ள வேண்டும். நின்ற நிலையில் காரை நகர்த்துவது எந்த சிமுலேட்டரிலும் கொஞ்சம் செயற்கைதான். டயர் எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் காரின் வேகத்தால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். வேகம் பூஜ்யத்தை நெருங்கினால் அந்த வகுத்தல் உடைந்துவிடும், வேறு ஒட்டுவேலை செய்துதான் சமாளிக்க வேண்டும். அதை நான் மன்னித்துவிடுவேன். பார்க்கிங் பழக யாரும் இதை வாங்குவதில்லை. இருக்கையில் உடல் உணரும் தள்ளுதல் இல்லை என்ற குறையும் வீட்டு மேசையின் முன் உட்கார்ந்து சொல்லக்கூடியது அல்ல.

பிரேக்கை மட்டும் மன்னிக்க முடியவில்லை, ஏனென்றால் அது கணக்கின் தோல்வி அல்ல. கணக்குப் போட்டவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். பெட்டியின் மீது நிஜ அனுபவம் என்று அச்சடித்தவர்கள்தான், வாங்குகிறவன் ஸ்டீயரிங்கைத்தான் தொட்டுப் பார்ப்பான், பெடலைக் குனிந்து பார்க்கமாட்டான் என்று தெரிந்தே, காசையெல்லாம் மேலே கொட்டிவிட்டுக் கீழே மிச்சம் பிடிக்கிறார்கள்.

நண்பருக்குப் பதில்: விளையாட்டை வாங்குங்கள், தள்ளுபடிக் காலத்தில் அற்ப விலைக்குக் கிடைக்கும். செட் வேண்டாம். இந்த வகைப் பெடலோடு வரும் எதையும் வாங்க வேண்டாம், பாதி நிஜத்துக்கு முழு விலை கொடுக்க வேண்டாம். கையில் இருக்கிற கேம்பேடில் ஓட்டுங்கள். லோடு செல்லுக்குப் பணம் சேர்ந்த பிறகு யோசிக்கலாம்.

அப்படியானால் உங்கள் செட்டை எனக்கு விற்றுவிடுங்களேன் என்று பதில் அனுப்பியிருக்கிறார். விற்பதாக இல்லை.