புது கன்வெர்டிபிள் கார் ஒழுகுகிறதா? முதலில் ஜாப் கார்டைப் படியுங்கள்

கன்வெர்டிபிள் கார், அதாவது கூரையைத் திறந்து மூடும் கார், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும், வாங்கிவிட்டு சர்வீஸ் சென்டருக்கு அலைந்துகொண்டிருப்பவர்களும் இதை முழுக்கப் படியுங்கள். புது வண்டியில் குறை வருவது ஒரு கஷ்டம். அந்தக் குறை திரும்பத் திரும்ப வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லாமல் செய்துவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். எங்களுக்கு இரண்டும் நடந்தது. வழக்கு நடப்பதால் ஷோரூம் பெயரையும் கம்பெனி பெயரையும் இங்கே எழுதவில்லை.

துணிக்கூரை, இரண்டு கதவு, பட்டனை அழுத்தினால் கூரை தானாக மடிந்து பின்னால் போய் உட்காரும் வண்டி. என் கணவருக்குக் கல்லூரிக் காலத்து ஆசை. எக்ஸ் ஷோரூம் விலையே 50 லட்சத்தைத் தாண்டியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். அதற்கு மேல் இன்சூரன்ஸ், விற்பவரே வசூலிக்கும் 1 சதவீத வருமான வரியான டி.சி.எஸ். ஆவணியில் நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுத்தோம். மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்தார்கள். கூரையை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினார்கள். அவ்வளவுதான். கூரை மேல் தண்ணீர் பீய்ச்சிக் காட்டும் வழக்கம் அந்த ஷோரூமில் இல்லை. கட்டாயம் இருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன்.

சென்னையில் அந்த மாதத்தில் சாயங்கால மழை எப்படி இருக்கும் என்று தெரியும். முதல் பெரிய மழையிலேயே டிரைவர் பக்கக் கண்ணாடியின் மேல்மூலையிலிருந்து தண்ணீர் கோடு போட்டு இறங்கியது. முன் தூணின் உறை வழியாக வழிந்து, கதவு ஸ்பீக்கரை நனைத்து, காலடிக்குப் போனது. மறுநாள் காலையில் கார்பெட் மேலாகத் தொட்டால் காய்ந்துதான் இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் ஏறியது. கார்பெட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு மாதிரி ஃபோம் இருக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்கிறது. மேலே காய்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். அடுத்த வாரம் ஈரத்துணி நாற்றம் வரும்போதுதான் தெரியும்.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் மரியாதையாகத்தான் பேசினார். காபி வந்தது. கையிலிருந்த டேப்லெட்டில் ஜாப் கார்டு, அதாவது நம் புகாரையும் செய்யும் வேலையையும் பதியும் சீட்டு, போட்டுக்கொண்டே சொன்னார்: “மேடம், வாட்டர் லீக்னு போட்டா சிஸ்டம்ல அப்ரூவல் கேக்கும், லேட் ஆகும். ரூஃப் ஜெனரல் செக்கப்னு போட்டுக்கறேன், வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்.” வேலையைச் சீக்கிரம் முடித்துத் தர நினைக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரப்பர் பீடிங்கில் ஏதோ தடவி, வாட்டர் வாஷ் செய்து, பளபளவென்று திருப்பித் தந்தார்கள். வண்டியை எடுக்கும்போது போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. “ஓடிபி சொன்னீங்கன்னா கேட் பாஸ் வந்துரும் மேடம்.” அந்த ஓடிபியைச் சொல்வதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? வேலை முடிந்தது, எனக்குத் திருப்தி என்று நாமே கையெழுத்துப் போட்டதாகப் பதிவாகிறது. மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வரும், 10-க்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள், 10 கொடுத்துவிடுங்கள் மேடம், இல்லாவிட்டால் என் இன்சென்டிவ் போய்விடும் என்று கெஞ்சலும் கூடவே வந்தது. அந்த மார்க்கையும் பின்னால் எங்களுக்கு எதிராகவே நீட்டினார்கள்.

அடுத்த மழையில் மறுபடி ஒழுகியது. இந்தத் தடவை வேறு ஆள், வேறு கேள்வி. “மரத்தடியில நிறுத்துவீங்களா சார்?” எங்கள் தெருவில் வேப்பமரம் இருக்கிறது என்றோம். அதோடு முடிந்தது. கூரையின் ஓரத்தில் மழைநீர் போக வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளமும், அங்கிருந்து கீழே போகும் குழாயும் இருக்கும். வேப்பிலை அடைத்துக்கொண்டது, அது உங்கள் பராமரிப்புக் குறை, வாரண்டியில் வராது என்றார்கள். அடைப்பைக் காட்டுங்கள் என்று கேட்டோம். வண்டியைக் கழுவியாகிவிட்டது என்றார்கள். குழாய் அடைத்தால் தண்ணீர் தேங்கிப் பின்பக்கம் இறங்கலாம், அது நிஜம்தான். எங்கள் வண்டியில் தண்ணீர் வந்தது முன்னால், டிரைவர் பக்கக் கண்ணாடி மூலையில். இதை அவர்களிடம் புரியவைக்கவே முடியவில்லை.

பிறகு கூரை பாதியில் நின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி, பொடித்தூறல் ஆரம்பித்ததும் மூடப் போனோம். கூரை பாதி எழுந்து நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. அந்த நிலையில் வண்டியை வேகமாக ஓட்டவும் முடியாது. ரோட்டோர டீக்கடைக்காரர் பெரிய தார்ப்பாயைக் கொண்டுவந்து போர்த்தினார். அவர் செய்ததில் கால் பங்குகூட அந்த கம்பெனியின் ரோட் சைட் அசிஸ்டன்ஸ் செய்யவில்லை.

இந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், ஏமாற்ற முடியாது. கூரை மடியும்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சென்சாரோ குட்டி ஸ்விட்சோ ‘இந்த இடம் வந்தாச்சு’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். ஒன்று சொல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் முழு வேலையையும் நிறுத்திவிடும். எது சொல்லவில்லை என்பது ஃபால்ட் கோடாகப் பதிவாகும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி அந்தக் கோடை அழித்துவிடுவார்கள். கூரை உடனே வேலை செய்யும். சரியாகிவிட்டது என்று வண்டியைத் தந்துவிடுவார்கள். அழித்த கோடு நமக்குச் சாட்சி. அது போய்விட்டால், கூரை நின்றதற்கு நம் வாய்வார்த்தையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜாப் கார்டில் ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் எழுதினார்கள்.

கண்ணாடி விஷயமும் இதே கதைதான். இந்தக் கார்களின் கதவுக் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கும், மூடியதும் ஏறிப் போய் கூரையின் ரப்பரில் அழுந்தி உட்கார வேண்டும். எங்கள் வண்டியில் அது முழுசாக ஏறவே இல்லை. ஒரு விசிட்டிங் கார்டு இடைவெளியில் நுழைந்தது. ஒழுகலுக்கு அதுதான் மூலம் என்று எங்கள் ஏரியா ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கால் மணி நேரத்தில் சொன்னார். “தண்ணி இறங்கி சீட்டுக்கு அடியில இருக்கிற எலெக்ட்ரானிக் மாட்யூல்ல ஈரம் ஏறிருக்கும்க்கா, அதான் பேட்டரியும் உக்காருது” என்றும் அவரே சொன்னார். ஆனால் ஷோரூமில் பேட்டரி தனிக் குறை, கூரை தனிக் குறை, ஒழுகல் தனிக் குறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் கார்டு, ஒவ்வொரு ஜாப் கார்டிலும் வேறு வேறு வார்த்தை. பேட்டரி மாற்றினார்கள். ரப்பர் மாற்றினார்கள். சென்சார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று வண்டியை வாரக்கணக்கில் அவர்கள் ஷெட்டில் போட்டுவைத்தார்கள். மார்கழி முடியும்வரை மூலத்தைத் தொடவே இல்லை.

கடைசியில் ஜெனரல் மேனேஜரிடம் போய் உட்கார்ந்தோம். சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வார்த்தையை மறக்க மாட்டேன். “வாட்டர் லீக் கம்ப்ளெயின்ட் எங்க ரெக்கார்டுல ஒரே ஒரு தடவைதான் சார் இருக்கு.” எங்கள் கண் முன்னால் திரையைத் திருப்பியும் காட்டினார். மற்றதெல்லாம் ஜெனரல் செக்கப், பேட்டரி ரீப்ளேஸ்மென்ட், ரூஃப் ரீசெட், க்ளீனிங். அத்தனை தடவை நனைந்த எங்கள் வண்டி அவர்கள் ஏட்டில் நல்ல வண்டியாக இருந்தது.

அன்றே நாங்கள் பழைய வாட்ஸ்அப் செய்திகளையும் வீடியோக்களையும் தேதிவாரியாக அடுக்கினோம். அட்வைசருக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியிலும் ‘மறுபடி ஒழுகுகிறது’ என்று நான் எழுதியிருந்ததும், அவர் ‘நோட்டட் மேடம்’ என்று பதில் போட்டிருந்ததும்தான் இன்று எங்கள் வழக்குக்கு முதுகெலும்பு.

அமெரிக்க மாநிலங்களில், புதுக் காரில் ஒரே குறையைச் சில தடவை முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டால் மாற்று வண்டியோ பணமோ தர வேண்டும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதிலும் ஒரு முள் இருக்கிறது. கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு கார் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் சொல்லியிருக்கிறது, அதனால் முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று சொல்லி, இழப்பீடு மட்டும் கொடுத்தது. கம்பெனி வக்கீல்கள் இன்றுவரை தூக்கிக்கொண்டு வருவது அந்தத் தீர்ப்பைத்தான். முழுப் பணம் வேண்டுமென்றால் இது பாகத்தின் குறை இல்லை, உற்பத்திக் குறை என்று நாம் நிரூபிக்க வேண்டும். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தது என்று எழுத்தில் இருந்தால்தான் அது நடக்கும். அதனால்தான் ஜாப் கார்டு, ஜாப் கார்டு என்று அடித்துக்கொள்கிறேன்.

வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். நாம் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் சார் என்று இழுத்தடிப்பது அந்தக் கெடுவைத் தின்பதற்கும் உதவும், கவனம். ஷோரூம், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் “நாங்கள் இல்லை, அவர்கள்” என்பார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுங்கள். அவர்கள் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது, ஆனால் தேதியோடு ஒரு புகார் எண் கிடைக்கும், அதற்கு மதிப்பு உண்டு. நிபுணரை வைத்து வண்டியைச் சோதிக்க ஆணையத்திடம் மனுப் போடலாம். எங்கள் வழக்கில் அந்த மனு இப்போது நிலுவையில் இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது எக்ஸ் ஷோரூம் விலையோடு நிற்காமல் ஆயுள் வரி, இன்சூரன்ஸ், லோன் வட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஆயுள் வரி மட்டுமே பல லட்சம்.

வரி மிச்சம் என்று கம்பெனி பெயரில் கார் வாங்கச் சொல்லும் ஆடிட்டர்கள் உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே எழுந்து நிற்கும். உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்றும் இருக்காதீர்கள். விபத்தும் வெள்ளமும் வேறு. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறு சாதாரண பாலிசியில் வராது. எங்கள் கிளெய்மை அந்த ஒரு வரியைக் காட்டித்தான் தள்ளினார்கள்.

டெலிவரி எடுக்கும் முன் அவர்கள் வாட்டர் வாஷ் பேயிலேயே கூரை மேல் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள், நீங்கள் உள்ளே உட்காருங்கள், போனில் வீடியோ ஓடட்டும். மறுத்தால் டெலிவரி எடுக்காதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில், எந்த மூலையில் ஒழுகுகிறது என்பது உட்பட, எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ‘முன்பும் வந்த அதே குறை’ என்ற வார்த்தை அதில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் அங்கேயே நின்று சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் இமெயில் அனுப்புங்கள். ஃபால்ட் கோடை அழிப்பதற்கு முன் தேதியும் கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி பிரின்ட் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் குறைந்தபட்சம் போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ரப்பரில் அழுந்தி உட்காருகிறதா என்று ஒரு கார்டை நுழைத்துப் பார்த்துவிட்டு, கார்பெட்டைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகே ஓடிபியைச் சொல்லுங்கள்.