நியூட்ரல் இல்லை என்றால் போர்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

காட்பாடி காந்தி நகரில் அப்பா கட்டிய பழைய வீடு எங்களுடையது. ஃபால்ஸ் சீலிங் போட்டு எல்இடி லைட் மாட்டிய கையோடு, முட்டிவலிக்கார அம்மா எழுந்து போகாமலே லைட்டை அணைக்கட்டுமே என்று ஸ்மார்ட் சுவிட்ச் போட ஆசைப்பட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வேலூரில் ஒரு கடையிலிருந்து அனுப்பிய எலக்ட்ரீஷியன் போர்டை விரலால் தட்டிப் பார்த்தார். கழற்றவில்லை. "பழைய வீடு சார், சுவிட்சுக்கு நியூட்ரல் வராது. நியூட்ரல் வேணாத மாடல்தான் செட் ஆகும்" என்றார். நியூட்ரல் என்றால் கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்; சாதாரண ஸ்மார்ட் சுவிட்ச் தானே ஓட அதுவும் வேண்டும். சாதாரண மாடலைவிட ஒவ்வொன்றும் 600 ரூபாய் கூடுதல். நான்கு போர்டுக்கும் தலையாட்டினேன்.

ஹாலில் ஆறு லைட்டும் ஒரே சுவிட்சில் என்பதால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. பூஜை அறையிலும், படுக்கை அறையிலும், மாடிப்படியிலும் ஒற்றை 6 வாட் லைட். அணைத்த பிறகும் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி அடங்கும். "இன்னாடா இது, மினுக்கு மினுக்குனு கீது, கண்ண மூட முடியல" என்று அம்மா நடுராத்திரியில் எழுப்பினார்.

போன் செய்தால் "லைட்டு லோக்கல் சார்" என்றார் அந்த ஆள். நல்ல கம்பெனி லைட்டுதான், ஆனாலும் மாற்றினேன். புதியதும் அதே தாளத்தில் மின்னியது. அடுத்த முறை வந்து, நியூட்ரல் வேண்டிய மாடலை ஹால், பூஜை அறை, படுக்கை அறை மூன்றிலும் மாட்டினார். "இல்லைன்னீங்களே?" என்று கேட்டதற்கு "அதெல்லாம் எடுத்துக்கலாம் சார்" என்று முடித்துக்கொண்டார். மின்னல் நின்றது. மாடிப்படியை அடுத்த வாரம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் மெயினில் ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது கசிந்தால் தானே அணைத்துவிடும் சாதனம்) விழ ஆரம்பித்தது. ஒருநாள் விடிகாலையில் விழுந்து, ஃபிரிட்ஜில் இருந்த பால் கெட்டுப்போனது. அதற்கு அவர் சொன்ன வைத்தியம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது: "அது ரொம்ப சென்சிட்டிவ் சார், டைரக்ட் பண்ணிடலாம்." உயிரைக் காக்க வைத்திருக்கும் சாமானைத் தூக்கிவிடலாம் என்கிறார்!

அப்புறம்தான் எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். மெயினை அணைத்துவிட்டுப் பூஜை அறை போர்டைக் கழற்றினார். நியூட்ரல் முனையில் பச்சை ஒயர். "எர்த்தை நியூட்ரலா குடுத்து வச்சிருக்கான்பா." ஃபேஸில், அதாவது கரண்ட் வருகிற ஒயரில், போன கரண்ட் நியூட்ரலில் திரும்பாமல், கசிவை மண்ணுக்கு இறக்க வைத்திருக்கும் எர்த்தில் இறங்குகிறது. ஒரு சுவிட்சில் சில மில்லி ஆம்பியர்தான், ஆனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதில் பாதியைத் தாண்டினாலே விழலாம், மூன்று சேர்ந்தால் கேட்கவா வேண்டும். வழியில் எங்காவது எர்த் ஒயர் அறுந்தால், அதோடு இணைந்திருக்கிற ஃபிரிட்ஜ், கிரைண்டர் உடம்பிலெல்லாம் ஷாக் அடிக்கலாம்.

அதே போர்டின் மூலையில் இருந்த 5 ஆம்ப் பிளக் பாயின்ட்டை டெஸ்டரால் தட்டினார். "நியூட்ரல் இல்லாம இது எப்படி ஓடும்னு நெனச்ச?" பின்னால் கருப்பு ஒயர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நான்கில் மூன்று போர்டில் பிளக் பாயின்ட் இருக்கிறது. மூன்றிலும் நியூட்ரல் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பச்சையை எடுத்துக் கருப்பை இழுத்து மாட்டினார். ஆர்சிசிபி அதன்பிறகு விழவில்லை.

மாடிப்படி போர்டில்தான் நிஜமாகவே நியூட்ரல் இல்லை. அங்கே அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு 40 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு கொண்டுவந்து எல்இடி லைட்டுக்கு இணையாகக் கொடுத்தார். மின்னல் உடனே நின்றது. நியூட்ரல் வேண்டாத ரகச் சுவிட்ச் தான் உயிரோடு இருக்க, அணைத்த பிறகும் லைட் வழியாகத் துளி கரண்டை இழுத்துக்கொண்டே இருக்குமாம். எல்இடி டிரைவருக்குள் (லைட்டுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) அது சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, நிரம்பியதும் ஒரு மின்னு, மறுபடி காலி. குண்டு பல்பு இருந்தால் அந்தத் துளி அதன் வழியே போய்விடுகிறது. அந்த வேலைக்கென்றே சின்னக் கண்டன்சர் வருகிறது, 275 வோல்ட் எக்ஸ்2 ரகம். ஃபேனுக்குப் போடுகிற கண்டன்சர் அல்ல. அதைச் சுவிட்ச் பக்கம் வைக்காமல், மேலே லைட்டுக்கு வரும் இரண்டு ஒயருக்கும் நடுவே கொடுத்தார். விலை லைட்டைவிடக் குறைவு.

கூடுதல் விலைக்கு வாங்கிய மூன்று சுவிட்சையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பெட்டி பிரிச்சாச்சே சார்" என்றார்கள். பில் எங்கே என்று கேட்டார்கள். பில்லா? அந்த ஆள் துண்டுச்சீட்டில் கூட்டிக் கொடுத்த கணக்குதான் இருக்கிறது: மூன்று தடவை வந்து போன கூலியும் சேர்த்து 14,600.