கவாத்தா, பொறிவண்டா?

மாடியில் செம்பருத்தி வைத்திருந்தால் என்றைக்காவது மாவுப்பூச்சி வந்தே தீரும். எனக்கு வந்தது கத்திரி வெயிலில். வால்பாறை தேயிலை எஸ்டேட்டில் ரிட்டையராகி இப்போது பெரம்பூரில் இருக்கும் மாமாவிடம் கேட்டேன்: வெட்டுவதா, பூச்சியைத் தின்னும் பொறிவண்டு மாதிரிப் பூச்சிக்குக் காத்திருப்பதா?

"பூச்சி எங்க குடியிருக்குன்னு முதல்ல பாருடா."

தேயிலையில் தண்டைத் துளைக்கும் வண்டு கிளைக்குள் சுரங்கம் போட்டு, அங்கேயே பூஞ்சை வளர்த்துத் தின்னும். வெளியே திரியும் எதிரிகளுக்கு அது எட்டாது. அதற்குக் கவாத்து, அதாவது கிளையை வெட்டுவதுதான். துளை விழுந்த கிளையோடு வண்டும் போகும்.

தேயிலைக் கொசுவிடம் கத்தி அவ்வளவு பலிக்காது. பேர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முட்டையை இளந்தண்டுக்குள் செருகிவிடும், மயிரிழை போல இரண்டு நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தவறாமல் கொழுந்து பறித்தால் முட்டையில் கொஞ்சம் கூடையோடு போகும். ஆனால் கவாத்து முடிந்து காடெல்லாம் தளிர் விடும்போது அதற்குப் பந்தி விரித்த மாதிரி.

எதிரிப் பூச்சிகளின் பலம் தெரிய இலங்கையைப் பார்க்க வேண்டும். அங்கே இலைச்சுருட்டுப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கியது. பின்னாளில் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். குளவி செத்தது, புழு திரும்பப் பெருகியது.

நானோ மாமா சொன்னதை முழுசாகக் கேட்காமல் செடியை ஒட்ட வெட்டினேன். பத்தே நாளில் தளிர், தளிரிலும் மாவு. அதில் வெள்ளை மெழுகு இழையோடு பெரிசாக, சுறுசுறுப்பாக ஓடியவற்றைத் தேடித்தேடி நசுக்கினேன். பாவம், அவை பொறிவண்டின் புழுக்கள்! மாவுப்பூச்சி வேஷத்திலேயே மாவுப்பூச்சியைத் தின்ன வந்தவை. மாவுப்பூச்சியோ இவ்வளவு வேகமாக ஓடாது, பெரும்பாலும் அப்படியே ஒட்டிக்கிடக்கும்.

தொட்டிச் செடிக்கு என் ஓட்டு இப்போது பொறிவண்டுக்கே, ஆனால் எறும்பை நிறுத்திய பிறகுதான். மாவுப்பூச்சி விடும் தேன்பாகுக்காக எறும்பு காவல் நின்று பொறிவண்டை விரட்டும். தொட்டியை மூன்று கல்லில் ஏற்றி, தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்தேன். கத்தரிக்கோல், மாவு அப்பிய நுனிக்கு மட்டும். வெட்டியதைப் பையில் கட்டி எறிந்துவிடுவேன். போன வாரம் ஒரு மொட்டின் கீழ் அந்த மெழுகுப் புழு இரண்டு ஓடின. கை பரபரத்தது, தொடவில்லை.