சாய்வுக் கூரையில் செடி: நாலு வருஷம் கழித்து

"மண்ணு பூரா சறுக்கிட்டு வந்துருமுங்க" என்றார் கொத்தனார். பொள்ளாச்சியில் எங்கள் கார் ஷெட்டின் சாய்வான கான்கிரீட் கூரைமேல் செடி வளர்க்கப் போகிறேன் என்று 2021 ஜூனில் சொன்னபோது. பாதி அவர் ஜெயித்தார், பாதி நான்.

கூரை 180 சதுர அடி, சாய்வு சுமார் 15 டிகிரி. 4 அங்குல மண் நனைந்தால் சதுர அடிக்குப் பத்துப் பதினோரு கிலோ வரும். மொத்தம் கிட்டத்தட்ட 2 டன். இன்ஜினியர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கை வைத்தேன். தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ஏபிபி மெம்ப்ரேன் என்ற தார் ஷீட், வேர் துளைக்காத தடித்த ஷீட், வடிகால் தட்டு, வடிகட்டும் துணி, அதன்மேல் மண். கீழ் விளிம்பில் வரப்பு மாதிரி கான்கிரீட் கட்டை, தண்ணீர் வெளியேற அதில் ஓட்டைகள். மண்ணைப் பிடித்து நிறுத்த ஜிஐ ஆங்கிளை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) ஏணிபோல வெல்டு செய்து, அந்தக் கட்டையில் முட்டும்படி படுக்க வைத்தோம். மெம்ப்ரேனில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

தப்பு செய்தது மண் கலவையில். எங்கள் ஊரில் தென்னை நார்க்கழிவு மலிவாயிற்றே என்று பாதிக்குப் பாதி போட்டேன். மேலே கயிற்று வலையும் விரித்தேன். இரண்டு வருஷம் பிரமாதம். மூன்றாவது வருஷம் வலை மக்கிப்போனது, நார்க்கழிவும் மக்கி 4 அங்குலம் 3-க்குக் கீழே இறங்கியது. கோடையில் உச்சியில் பத்துமணிப் பூ கருகிய இடமெல்லாம் தென்மேற்கு மழைக்குச் சறுக்கி, ஏணிப் படி படியாகக் குவிந்து நின்றது. அருகம்புல் வேர்விட்ட இடத்தில் ஒரு பிடி மண் நகரவில்லை.

ஒரே கூரையில் மேலே ராமநாதபுரம், கீழே வால்பாறை என்பது அப்போதுதான் உறைத்தது. மாலையில் ஊற்றிய தண்ணீர் விடிவதற்குள் உச்சியில் காய்ந்துவிடும், அடியில் இரண்டு நாள் சொதசொதவென்று நிற்கும். இப்போது உச்சியில் கற்றாழையும் ஊதா இலை ரியோ செடியும், நடுவில் பத்துமணிப் பூ, அடியில் அருகம்புல். நார்க்கழிவைக் காலாகக் குறைத்து, செங்கல் பொடிசுகளைக் கூட்டினேன்.

ஷெட்டுக்குள் கூரையின் அடிப்பக்கம் கையை வைத்தால் முன்பு சித்திரை மதியத்தில் தோசைக்கல், இப்போது வெதுவெதுப்புத்தான்.

வேலை இல்லாமலில்லை. மாதம் ஒருமுறை ஏறி, பறவைகள் போட்ட ஆலங்கன்றுகளைப் பிடுங்க வேண்டும். விரல் நீளக் கன்றுக்குச் சாண் நீள வேர்! அப்புறம் மயில். மண்குளியலுக்குக் குழி பறித்தே தீரும். நைலான் நரம்பு கட்டியும் கேட்கவில்லை. கடைசியில் மேல் மூலையில் இரண்டடி இடத்தை அதற்கே விட்டுவிட்டேன். மற்ற இடத்தை மயில் இப்போதைக்குத் தொடுவதில்லை.